இருபது நிமிடம் எப்படி இருபது நொடி ஆனது: ஒரு மாடித் தொட்டியும் ஒரு ஊனோ போர்டும்

சம்பிலிருந்து மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் அரை எச்பி மோட்டார் ஒன்று, போட்ட 20 நொடியில் தானாக நின்றுகொண்டே இருந்தது. மோட்டாரில் கோளாறு இல்லை. மோட்டாருக்குக் கரண்டைக் கொடுத்து நிறுத்தும் கன்டாக்டர் சுவிட்சும் ஒயரிங்கும் சரியாகவே இருந்தன. கோளாறு இருந்தது நிரலின் ஒரே ஒரு வரியில், அதுவும் பள்ளிக்கூடப் பிள்ளை போடும் ஒரு பெருக்கல் கணக்கில். மைக்ரோகண்ட்ரோலரை (நிரல் எழுதி இயக்கும் சின்ன கம்ப்யூட்டர் சிப்பை) முதன்முதலில் தொடுகிற யாருக்கும் இந்த நிகழ்வு உதவும் என்பதால் நடந்ததை முழுசாக எழுதுகிறேன்.

இதைச் செய்தவர் திருமங்கலத்துக்குப் பக்கத்தில் அப்பாவோடு சேர்ந்து மோட்டார் காயில் கட்டும் கடை நடத்தும் ஒரு தம்பி. என்னிடம் வரும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் இன்ஜினியரிங் மாணவர்கள். இன்டெல் 1980-இல் கொண்டுவந்த 8051 சிப்பின் கட்டளைகளை லேப் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருப்பார்கள், ஆனால் ஒரு ரிலேயை, அதாவது சின்னக் கரண்டால் இயங்கும் சுவிட்சை, கையில் பிடித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். இந்தத் தம்பி அப்படியே தலைகீழ். கருகிய காயிலை மோந்து பார்த்தே என்ன ஆனது என்று சொல்லிவிடுவார். நிரல் என்று ஒரு வரிகூட எழுதியதில்லை.

வீட்டில் இருந்த பிரச்சினை எல்லாருக்கும் தெரிந்ததுதான். மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துவிடுவது, தொட்டி நிரம்பி வழிவது, பக்கத்து வீட்டுச் சுவர் நனைவது, பேச்சு வார்த்தை முற்றுவது. சம்பில் தண்ணீர் இல்லாதபோது மோட்டார் வெறுமனே ஓடி சீல் போவது இன்னொரு பக்கம். இதற்கென்றே ரெடிமேடாக விற்கும் கண்ட்ரோலரை வாங்கி மாட்டினால் வேலை முடிந்தது. ஆனால் அவருக்கு அது வேண்டியதில்லை. "வாங்கி மாட்டுறதுக்கு நான் எதுக்குண்ணே? உள்ள என்ன நடக்குதுன்னு தெரியணும்" என்றார். கற்றுக்கொள்ள வருகிறவரிடம் நான் எதிர்பார்ப்பதும் இதைத்தான்.

எந்த போர்டு?

மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் போய் ஆர்டுயினோ ஊனோ வகை போர்டு ஒன்று வாங்கி வந்தார். ஈஎஸ்பி32 என்ற போர்டை வாங்கியிருந்தால் வைஃபையும் கிடைத்திருக்கும். 2021-இல் வந்த ராஸ்பெர்ரி பை பிக்கோவில் 264 கேபி ராம் இருக்கிறது, மைக்ரோபைத்தானில் எழுதலாம். அவர் வாங்கிய ஊனோவில் இருக்கும் ஏடிமெகா328பி சிப்புக்கோ 32 கேபி ஃபிளாஷ், 2 கேபி ராம், 16 மெகாஹெர்ட்ஸ் வேகம், அவ்வளவுதான். இருந்தாலும் ரிலே, மிதவை சுவிட்ச், நீளமான ஒயர் என்று போகிற முதல் வேலைக்கு நான் ஊனோவையே சொல்வேன். அது 5 வோல்ட்டில் ஓடுவது. மற்ற இரண்டும் 3.3 வோல்ட், அவற்றின் பின்னில் (ஒயர் மாட்டும் காலில்) தெரியாமல் 5 வோல்ட் கொடுத்தால் சிப் போய்விடலாம். பெரிய சிப்பை சாக்கெட்டில் செருகியிருக்கும் ஊனோ கிடைத்தால் இன்னும் நல்லது: சிப் கெட்டால் அதை மட்டும் பிடுங்கி மாற்றிக்கொள்ளலாம். இத்தாலியில் இவ்ரேயா ஊரில் 2005 வாக்கில் ஆர்டுயினோ உருவானதே, மின்னணுவியல் படிக்காத வடிவமைப்பு மாணவர்கள் பயன்படுத்துவதற்காகத்தான். கற்றுக்கொள்ள வருகிறவரை அது பயமுறுத்தாது.

முதல் நாள் சாயங்காலமே ஒரு தடை. போர்டில் விளக்கு எரிகிறது, கம்ப்யூட்டரில் அதற்கான போர்ட் (இணைப்பு) தெரியவில்லை. இத்தகைய போர்டுகளில் யுஎஸ்பி வேலைக்கு சிஎச்340 என்ற சிப் இருக்கும். அதற்கான டிரைவரைப் போட்டும் பலனில்லை. மாணவர்கள் இந்த இடத்தில் நாள் கணக்கில் மாட்டிக்கொண்டு, போர்டு போய்விட்டது என்று மூலையில் போட்டுவிடுவார்கள். இவர் கேபிளின் உறையைப் பிளேடால் கீறிவிட்டார். உள்ளே சிவப்பு, கறுப்பு என இரண்டே ஒயர். பச்சையும் வெள்ளையும் இல்லை. சார்ஜ் போட மட்டும் செய்த கேபிள் அது. தகவல் போக வழியே கிடையாது. வேறு கேபிள் மாட்டியதும் போர்ட் வந்துவிட்டது.

அப்புறம் எல்லாரும் செய்யும் பிளிங்க்: 13-ஆம் பின்னில் இருக்கும் எல்இடி ஒரு நொடி எரிந்து ஒரு நொடி அணைவது. செட்டப் என்ற பகுதி ஒரே முறை ஓடும், லூப் என்ற பகுதி கரண்ட் இருக்கும்வரை திரும்பத் திரும்ப ஓடும். இதைப் புரிந்துகொள்ள அவருக்கு நேரமே ஆகவில்லை.

பார்க்க மட்டும், தொடக் கூடாது

இரண்டாவது வேலையாக நேரே ரிலேயை மாட்டத்தான் அவர் கை பரபரத்தது. அங்கே நான் ஒரு நிபந்தனை போட்டேன். சிப் எதைப் பார்க்கிறது என்பதை முதலில் அது நமக்குச் சொல்லட்டும். அது சொல்வதும் கண்ணால் பார்ப்பதும் பல நாள் ஒத்துப்போன பிறகுதான் அதன் கையில் மோட்டாரைக் கொடுக்க வேண்டும். அதுவரை அம்மா வழக்கம்போல சுவிட்சைப் போடட்டும், சிப் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கட்டும். புதிதாக வரும் யாரிடமும் நான் பிடிவாதமாக இருப்பது இந்த ஒன்றில்தான்.

தண்ணீர் மட்டத்தை அறிய அவர் முதலில் செய்தது, தொட்டிக்குள் இரண்டு செம்புக் கம்பிகளைத் தொங்கவிட்டது. அந்தப் பக்கத்து போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். கரண்டை நன்றாகக் கடத்தும். அதனால் முதல் நாள் அருமையாக வேலை செய்தது. கொஞ்ச நாளில் ஒரு கம்பி பச்சை பூத்து அரிக்கத் தொடங்கியது. எப்போதும் ஒரே திசையில் டிசி கரண்ட் போய்க்கொண்டிருந்தால் நேர்மின் பக்கத்துக் கம்பி கரைந்துகொண்டே இருக்கும், அந்தச் செம்பு குடிக்கும் தண்ணீரில் சேரும். அளக்கும் கணத்தில் மட்டும் கரண்ட் கொடுத்து, திசையையும் மாற்றி மாற்றிக் கொடுத்தால் இதைக் குறைக்கலாம். ஆனால் அவர் கம்பியையே விட்டுவிட்டு மிதவை சுவிட்சுக்கு மாறினார். நல்ல முடிவு. மேல் தொட்டியில் மேலே ஒன்று, கீழே ஒன்று, சம்பில் ஒன்று.

மிதவை சுவிட்சை இணைக்கும் விதத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சுவிட்சின் ஒரு முனை கிரவுண்டுக்கு, மறுமுனை சிப்பின் பின்னுக்கு. சிப்புக்குள்ளேயே 20 முதல் 50 கிலோஓம் வரையிலான, பின்னை 5 வோல்ட் பக்கம் இழுத்து வைக்கும் புல்அப் ரெசிஸ்டர் உண்டு, அதை நிரலிலேயே இயக்கிக்கொள்ளலாம். சுவிட்ச் மூடியிருந்தால் பின் பூஜ்யம், திறந்திருந்தால் ஒன்று. இது தலைகீழாக இருக்கிறதே என்று புதியவர்கள் குழம்புவார்கள். ஆனால் இதில்தான் பாதுகாப்பே இருக்கிறது. தொட்டி நிரம்பாதபோது மூடியிருக்கும்படி மேல் மிதவையை வைத்துவிட்டால், நிரம்பியதும் திறந்துகொள்ளும். மாடிக்குப் போகும் ஒயரை நாளைக்கு ஓர் அணில் கடித்துத் துண்டித்தாலும் சிப்புக்கு அது திறந்த சுவிட்சாகத்தான் தெரியும். தொட்டி நிரம்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டு மோட்டாரைப் போடாது. ஒயர் அறுந்தால் தண்ணீர் வராது, அவ்வளவுதான், வீடு நனையாது. சம்பு மிதவைக்கும் இதே யோசனை: ஒயர் அறுந்தால் சம்பு காலி என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

மோட்டார் அறையில் லேப்டாப்பை வைத்து, போர்டு அனுப்பும் வரிகளைத் திரையில் காட்டும் சீரியல் மானிட்டரைத் திறந்து, மிதவைகளின் நிலை மாறும்போதெல்லாம் நேரத்தோடு ஒரு வரி வரும்படி எழுதினார். அதோடு, நான் சொன்னபடி, செட்டப் பகுதியில் 'தொடங்கிவிட்டேன்' என்று ஒரு வரி. ரொம்ப அற்பமாகத் தெரியும். பின்னால் அது எவ்வளவு உதவியது என்பதைச் சொல்கிறேன்.

வேடிக்கை பார்த்ததில் இரண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, தொட்டி நிரம்பும் நேரத்தில் மேல் மிதவை ஒருமுறை மட்டும் மாறுவதில்லை. குழாயிலிருந்து விழும் தண்ணீர் அலையடிக்க, மிதவை ஏறி இறங்கி ஏறி இறங்கி, திரையில் வரிகள் கொட்டின. ரிலேயை அப்போதே மாட்டியிருந்தால் மோட்டார் படபடவென்று விழுந்து எழுந்திருக்கும். மிதவையின் நிலை 5 நொடி தொடர்ந்து மாறாமல் இருந்தால்தான் நம்ப வேண்டும் என்று எழுதியதும் வரிகள் அடங்கின.

இரண்டாவது, யாரோ மோட்டார் சுவிட்சைப் போடும் அதே நொடியில், யாரும் தொடாத மிதவை மாறியதாக ஒரு வரி வந்தது. 15 மீட்டர் நீள ஒயரை மோட்டார் ஒயர் போகும் அதே பைப்புக்குள் விட்டிருந்தார். உள்ளே இருக்கும் புல்அப் அவ்வளவு நீளத்துக்குப் போதாது, பக்கத்து ஒயரின் துடிப்பை இது வாங்கிக்கொள்ளும். ஒயரைத் தனி பைப்பில் கொண்டுபோய், வெளியே 4.7 கிலோஓம் ரெசிஸ்டரைப் புல்அப்பாகப் போட்டு, பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 0.1 மைக்ரோஃபாரட் கண்டன்சர் ஒன்று வைத்ததும் அந்தப் பொய் வரி நின்றது. மோட்டார் சிப்பின் கையில் இருக்கும்போது இந்த இரண்டையும் ஒன்றாகத் தேடியிருந்தால் எத்தனை குழப்பம் என்று யோசித்துப் பாருங்கள்.

மோட்டாரைக் கொடுத்தபோது

இந்தக் கட்டத்தில் அவர்தான் எனக்கு வாத்தியார். ஊனோவின் ஒரு பின்னிலிருந்து 20 மில்லிஆம்பியருக்குமேல் எடுக்காமல் இருப்பது நல்லது. நீல நிற 5 வோல்ட் ரிலேயின் காயிலுக்கே கிட்டத்தட்ட 70 வேண்டும். ஆகவே நடுவே ஒரு டிரான்சிஸ்டர், காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டயோடு. இதெல்லாம் ரிலே போர்டிலேயே வந்துவிடும். ஆனால் அந்த நீல ரிலேயின் மேல் 10 ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பதை நம்பி மோட்டாரை நேரடியாக அதில் மாட்டுபவர்கள் நிறைய. அவர், ஒயரைச் சுற்றிப் பிடித்தே கரண்டை அளக்கும் டாங் டெஸ்டரைப் போட்டுக் காட்டினார். ஓடும்போது மூன்று ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே. கிளம்பும் கணத்தில் அதைப்போல ஐந்து, ஆறு மடங்கு. "அந்த 10 ஆம்பியர் ஹீட்டருக்குண்ணே, மோட்டாருக்கு இல்ல. நாலு மாசத்துல கான்டாக்ட் ஒட்டிக்கும், அப்புறம் நிக்கவே நிக்காது" என்றார். அதனால் சின்ன ரிலே கன்டாக்டரின் காயிலை மட்டும் இயக்கியது. மோட்டாரை இயக்குவது கன்டாக்டரின் வேலை. நடுவில், கரண்ட் அளவுக்கு மீறினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலே.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். 230 வோல்ட் பக்கம் இவர் தினமும் புழங்குகிறவர். நீங்கள் அப்படி இல்லை என்றால் அந்தப் பகுதியை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். போர்டு ஒரு பெட்டி, கன்டாக்டர் வேறு பெட்டி. பெட்டி திறந்திருக்கும்போது மெயின் நின்றிருக்க வேண்டும்.

ரிலே போர்டில் புதியவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. இவற்றில் பல, பின் பூஜ்யத்துக்குப் போனால் இழுக்கும் (அதாவது ஆன் ஆகும்) வகை. பின்னை அவுட்புட் என்று அறிவித்தவுடன் அது பூஜ்யத்தில்தான் இருக்கும். அதாவது கரண்ட் வந்த கணத்தில் மோட்டார் ஒரு தடவை துள்ளிவிட்டு நிற்கும். முதலில் பின்னுக்கு ஒன்று என்று எழுதிவிட்டு, அதன் பிறகு அவுட்புட் என்று அறிவித்தால் துள்ளாது.

நிரலின் தர்க்கம் எளிது. மேல் தொட்டியின் இரண்டு மிதவையும் இறங்கியிருந்து, சம்பிலும் தண்ணீர் இருந்தால் போடு. மேல் மிதவை ஏறினால், அல்லது சம்பு இறங்கினால் நிறுத்து. கரண்ட் போய் வந்தால் ஒரு நிமிடம் சும்மா இரு. மிதவைகள் ஏமாற்றினாலும் காப்பாற்ற ஒரு உச்சவரம்பு: எது எப்படியானாலும் 20 நிமிடத்துக்குமேல் ஓடாதே. அந்த 500 லிட்டர் தொட்டி அதற்குள் நிரம்பிவிடும். நிறுத்தும்போதெல்லாம் எதனால் நிறுத்தினாய் என்று ஒரு வரி எழுது. 'நிரம்பியது', 'சம்பு காலி', 'நேரம் முடிந்தது' என்று மூன்று காரணம்.

முதல் முறை ஓடவிட்ட அன்றைக்கே போன் வந்தது. "அண்ணே, 20 செகண்டுல படக்குனு நின்னுருதுண்ணே. ஓவர்லோடு அடிக்குது போல." அவர் தொழிலில் மோட்டார் நின்றால் அதுதான் முதல் சந்தேகம். ஓவர்லோடைத் திருகி, டெர்மினல்களை இறுக்கி, கன்டாக்டரையே மாற்றிப் பார்த்துவிட்டார். கரண்ட் வழக்கம்போல மூன்று ஆம்பியர்தான். மானிட்டரில் என்ன காரணம் வந்திருக்கிறது என்று கேட்டேன். லேப்டாப்பை எடுத்துப்போய்ப் பார்த்துச் சொன்னார்: 'நேரம் முடிந்தது'.

ஆக, ஓவர்லோடு அடிக்கவில்லை. சிப்தான், 20 நிமிடம் முடிந்துவிட்டது என்று நினைத்து நிறுத்துகிறது. கன்டாக்டர் பெட்டியை மூடச் சொல்லிவிட்டேன். இனி தேட வேண்டிய இடம் நிரல் மட்டுமே. ஆனால் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கரண்ட் வந்ததும் ஒரு நிமிடம் காத்திருக்கச் சொன்ன வரி ஒழுங்காக ஒரு நிமிடம் காத்திருக்கிறதே, நேரக் கணக்கு தப்பு என்றால் அதுவும் தப்பாகத்தானே இருக்க வேண்டும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்த உச்சவரம்பு எண்ணையே திரையில் அச்சிடச் சொன்னேன். வர வேண்டியது 12,00,000 மில்லிநொடி. வந்தது 20,352.

அவர் எழுதியிருந்தது 20 பெருக்கல் 60 பெருக்கல் 1000. படிப்பவருக்கு 20 நிமிடம் என்று பளிச்சென்று தெரிகிற, நல்ல எழுத்து அது. ஆனால் இந்த ஊனோவில் இன்ட் என்ற சாதாரண முழு எண் 16 பிட் மட்டுமே. மைனஸ் 32,768 முதல் 32,767 வரைதான் அதில் அடங்கும். மூன்று எண்ணும் தனித்தனியாகச் சின்ன எண்கள் என்பதால், பெருக்கலையும் சின்ன எண்ணாகவே கம்பைலர் (நிரலைச் சிப்பின் மொழிக்கு மாற்றும் மென்பொருள்) செய்கிறது. வீட்டு மீட்டர் 99999-க்குப் பிறகு மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடுவதுபோல, ஒவ்வொரு 65,536-க்கும் கணக்கு ஒரு சுற்று சுற்றி வந்துவிடும். 65,536-ஐ 18-ஆல் பெருக்கினால் 11,79,648. 12 லட்சத்தில் அதைக் கழித்தால் மிச்சம் 20,352. 20 நொடிக்குக் கொஞ்சம் மேலே.

அப்படியானால் ஒரு நிமிட வரி ஏன் சரியாக ஓடியது? அதை அவர் பெருக்கலாக எழுதவில்லை, நேரே 60000 என்று எழுதியிருந்தார். ஒற்றை எண்ணே இன்டுக்குள் அடங்காது என்று தெரிந்தால், கம்பைலர் தானாகவே பெரிய வகைக்கு மாறிக்கொள்ளும். 60 பெருக்கல் 1000 என்று எழுதியிருந்தால் மைனஸ் 5,536 வந்து வேறு ஒரு கூத்து நடந்திருக்கும். மருந்து ஒரே ஒரு திருத்தம்தான்: 1000-க்குப் பின்னால் யுஎல் என்ற இரண்டு எழுத்து. அது கணக்கை 32 பிட்டில் செய்யவைக்கும். ஈஎஸ்பி32, பிக்கோ இரண்டிலும் இன்ட் 32 பிட் என்பதால் இதே வரி அங்கே ஒழுங்காக ஓடும். ஒரு போர்டில் ஓடிய நிரலை இன்னொன்றுக்கு அப்படியே எடுத்துப்போகும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதைக் கம்பைலர் கவனிக்காமல் இல்லை. எச்சரிக்கை சொல்லத்தான் செய்கிறது. ஆர்டுயினோ மென்பொருளில் எச்சரிக்கைகளைக் காட்டாதே என்பதுதான் ஆரம்ப அமைப்பு, அதனால் கண்ணில் படுவதில்லை. பிரிஃபரன்ஸ் பக்கத்தில் கம்பைலர் வார்னிங்ஸ் என்ற இடத்தில் 'ஆல்' என்று மாற்றிவிட்டால் இந்த வரியைக் கட்டாயம் சுட்டிக்காட்டும். கற்றுக்கொள்கிறவர்களுக்காகவே செய்த மென்பொருளில் இதை மூடி வைத்திருப்பது எனக்குச் சம்மதமில்லை. புது கம்ப்யூட்டரில் நான் முதலில் மாற்றுவது இதைத்தான்.

இன்னொரு கோளாறு, இதைவிடத் தொல்லை பிடித்தது. தொட்டி நிரம்பி மோட்டார் நிற்கும்போது சில நேரம் மட்டும் போர்டு குழம்பியது. மானிட்டரில் 'நிரம்பியது' என்ற வரிக்கு அடுத்தே 'தொடங்கிவிட்டேன்'. அந்த அற்ப வரி இங்கேதான் கைகொடுத்தது. நிரல் தப்பாக யோசிக்கவில்லை, சிப்பே ரீசெட் ஆகித் திரும்பக் கிளம்புகிறது என்பது ஒரே பார்வையில் தெரிந்தது. (மானிட்டரைப் புதிதாகத் திறந்தாலே ஊனோ ஒருமுறை ரீசெட் ஆகும். அதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது.) கன்டாக்டரின் காயிலை ரிலே விடும் கணத்தில் எழும் தீப்பொறியின் துடிப்புதான் காரணம். அந்தக் காயிலுக்குக் குறுக்கே, 275 வோல்ட் ஏசிக்கான எக்ஸ்2 வகை 0.1 மைக்ரோஃபாரட் கண்டன்சரையும் 100 ஓம் ரெசிஸ்டரையும் தொடராக இணைத்தார். போர்டின் 5 வோல்ட் வரியில் ஒரு 1000 மைக்ரோஃபாரட் கண்டன்சர். ரீசெட் நின்றது. சிப் எங்காவது உறைந்துபோனால் தானே ரீசெட் செய்துகொள்ள, உள்ளேயே இருக்கும் வாட்ச்டாக் டைமரையும் இயக்கிவிட்டார். அதில் அதிகபட்சம் 8 நொடி வைக்கலாம்.

இப்போது அந்த வீட்டில் மோட்டாரை யாரும் கையால் போடுவதில்லை. பெட்டியில் ஆட்டோ, மேனுவல் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. போர்டு செத்தாலும் அம்மா பழையபடி மோட்டாரைப் போட்டுக்கொள்ளலாம். மேனுவலில் சிப்புக்கு வேலை இல்லை, ஓவர்லோடு மட்டும் காவல். தெருவில் இன்னும் சிலர் கேட்டிருக்கிறார்கள். அவர் கொடுக்க அவசரப்படவில்லை. உப்புத் தண்ணீரில் மிதவையின் கீல் படிவு பிடித்து இறுகிக்கொள்கிறது, அதுதான் மிச்சமிருக்கும் பிரச்சினை. மோட்டார் ஓடத் தொடங்கிச் சில நிமிடத்தில் மேல் தொட்டியின் கீழ் மிதவை ஏறியாக வேண்டும். ஏறவில்லை என்றால் மிதவை இறுகியிருக்கிறது, அல்லது தண்ணீர் ஏறவே இல்லை. அப்போது மோட்டாரை நிறுத்தி 'மிதவையைப் பார்' என்று நான்காவது காரணம் ஒன்று எழுதும்படி நிரலை மாற்றிக்கொண்டிருக்கிறார். புதிய வரிகள் இப்போதைக்கு மானிட்டரில் மட்டும்தான் எழுதுகின்றன, மோட்டாரைத் தொடுவதில்லை.